கிளிக்கு ஒரு மரப்பாச்சி

பொம்மை என்றால் அது நீடித்து இருக்க வேண்டிய வஸ்து என்ற எண்ணம் நம் வீடுகளில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. செஞ்சந்தனத்தில் செதுக்கிய மரப்பாச்சி ஜோடி ஒன்று, பாட்டியின் சீதனத்தோடு வந்து, மகளின் கைக்கும் பேத்தியின் கைக்கும் மாறி, பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளின் ஈறுகளுக்கெல்லாம் ஈடுகொடுத்து, வருஷந்தோறும் நவராத்திரியில் பட்டு உடுத்திக் கொலுவின் மேற்படியில் அமருகிறதென்றால், அதன் பெருமையெல்லாம் அது தேயாமல் இருப்பதில்தான் இருக்கிறது. இந்த மனோபாவத்தோடு கிளிக்கு விளையாட்டுச் சாமான் செய்ய உட்காருகிறவன் மனமுடைந்து போவது நிச்சயம். இழைத்து, மூலை மழுக்கி, கோத்து, அழகு பார்த்துத் தொங்கவிட்ட பொருளை அந்தப் பறவை ஒரே பிற்பகலில் சிராய் சிராயாகக் கிழித்துக் கூண்டின் அடித்தட்டில் குவித்துவிட்டு, மேற்கொண்டு ஏதாவது உண்டா என்று கேட்கிற தோரணையில் தலையைச் சாய்த்து நிற்கும். அந்தக் குப்பைதான் பொம்மையின் பயன். கிளியின் பொம்மை அழிவதற்கென்றே செய்யப்படுவது. ஆகையால் அதைச் செய்கிறவன், முழுசாக இருக்கும்போது அது எப்படித் தோன்றும் என்பதைக் காட்டிலும், உடைந்து சிதறிய பின் அதன் ஒவ்வொரு துணுக்கும் என்னவாகும், எந்த விரலில் சிக்கும், எந்த வயிற்றில் தங்கும் என்பதையே முதலில் யோசிக்கக் கடமைப்பட்டவன். பத்திரமான பொம்மைக்கு எனக்குத் தெரிந்த லட்சணம் இது ஒன்றுதான்.

எந்தக் கிளிக்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் தோப்புகளிலும் கோபுரப் பொந்துகளிலும் குடியிருக்கும் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வைப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சோதிடருக்குச் சீட்டெடுத்துத் தரும் கிளிக்கும் இது பொருந்தும். ஆகவே நான் பேசுவது, ஆஸ்திரேலியாவைப் பூர்விகமாகக் கொண்ட பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்காவின் லவ் பேர்ட், சாம்பல் கிளி, தென்னமெரிக்க மக்காவ் என்று, கூண்டிலேயே பொரிந்து கடைக்கு வருகிற அந்நிய ஜாதிகளைப் பற்றி. இவற்றிலும் காட்டில் பிடித்த சாம்பல் கிளியின் சர்வதேச வியாபாரத்தை 2016-ல் ஜோஹானஸ்பர்க்கில் கூடிய மாநாடு தடுத்துவிட்டது. இத்தகைய அந்நியப் பறவைகளை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்று நம் நாட்டிலும் 2024-ல் விதி வந்திருக்கிறது. இத்தனை சட்டம் எதற்கு, கூண்டைத் திறந்துவிடுவதுதானே தர்மம் என்று கேட்கிற நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். கூண்டிலேயே கண் விழித்த பட்ஜியைச் சென்னையின் மொட்டை மாடியில் நின்று பறக்கவிடுவது விடுதலை அல்ல. காக்கைக்கு இடுகிற ஆகாரம். கூண்டு என்ற அநீதி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. ஒரு மரத்துண்டு அதைச் சரிக்கட்டிவிடும் என்று நான் வாதாடவில்லை. பட்ட கடனுக்கு வட்டியையாவது கட்டிவரலாம் என்பதே என் கட்சி.

பழந்தமிழ் நாட்டில் கிளிக்கும் மூங்கிலுக்கும் வேறு விதமான சம்பந்தம் இருந்தது. தினைப்புனத்துப் பரணில் நின்று கிளி கடிந்த மகளிர் கையில் இருந்த தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளைக் குறிஞ்சிப் பாட்டு பெயர் சொல்லி அடுக்குகிறது. மூங்கிலைப் பிளந்து ஓசை எழும்படி செய்த தட்டை, கிளியை வரவேற்கப் பிறந்ததல்ல, விரட்டப் பிறந்தது. பிற்காலத்தில் அதே கிளி கோயிலுக்குள் வந்து மரியாதை பெற்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. அங்கே கூண்டுகளில் இருந்த கிளிகள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பாலும் பழமும் கொடுத்தோம், பேச்சும் கற்றுக்கொடுத்தோம்; கடித்துத் துப்ப ஒரு சுள்ளி கொடுத்ததாக எந்தக் கதையிலும் நான் கேட்டதில்லை. கிளியின் நாவை மெச்சிய அளவுக்கு நாம் அதன் அலகை மதிக்கவில்லை.

அந்த அலகோ சாமானியமான கருவி அல்ல. நமக்குக் கீழ்த்தாடை ஒன்றுதான் அசையும். கிளிக்கு மேலலகும் மண்டையோட்டோடு கீல் பூட்டிப் பொருந்தியிருப்பதால் அதுவும் தனியே ஏறி இறங்கும். மேலலகின் உட்புறத்தில் அரத்தில் உள்ளவை போன்ற வரிகள் உண்டு. இராத்திரி கண்ணயரும் சமயத்தில் கூண்டுக்குள்ளிருந்து வரும் கரகரப்பு, கீழலகை அந்த வரிகளில் உரசிக்கொள்ளும் சப்தம். அலகு ஆயுள் முழுவதும் வளர்கிறது. ஆகையால் ஆயுள் முழுவதும் தேயவும் வேண்டும். சாம்பல் கிளி ஒரு கட்டையைக் கையாளும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கருவியின் நுட்பம் பிரத்தியட்சமாகத் தெரியும். முதலில் தடித்த நாவின் நுனியால் விளிம்பெல்லாம் தடவிப் பார்க்கும். பிறகு ஒரு காலால், பெரும்பாலும் இடக்காலால், முன்னிரண்டு விரலும் பின்னிரண்டு விரலுமாகக் கவ்வித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூலை எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்கும். தட்டையான முகத்தில் அலகு பிடிக்காது என்பது அதற்குத் தெரியும். மேலலகை ஆதாரமாக ஊன்றிக் கீழலகை ரேகை ஓடும் திசையிலேயே செலுத்தி ஒரு நெம்பு நெம்பினால் நீளச் சிராய் ஒன்று பெயர்ந்து வரும். அதை வாயிலேயே உருட்டி, இடம் இடமாக நசுக்கி, சக்கையாக்கிக் கீழே விடும். விழுங்காது, அல்லது விழுங்க உத்தேசிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில்தான் நம் கவலையெல்லாம் அடங்கியிருக்கிறது.

இதைக் குறும்பு என்பவர்கள், வியன்னாவில் ஆராய்ச்சியாளர்கள் வளர்த்த ஃபிகாரோ என்ற கோஃபின் காக்கட்டூவின் கதையைக் கேட்க வேண்டும். எட்டாத இடத்தில் வைத்த முந்திரிப் பருப்பை எடுப்பதற்காக அது தன் கூண்டின் மரச்சட்டத்திலிருந்து நீளமாக ஒரு சிராயைப் பிளந்தெடுத்து, அதைக் கோலாகப் பிடித்துப் பருப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. 2012-ல் இது வெளியானபோது, யாரும் கற்றுக்கொடுக்காமல் ஒரு கிளி இனத்துப் பறவை தானே ஆயுதம் செய்துகொண்டது என்று விஞ்ஞானிகள் வியந்தார்கள். ஆஸ்திரேலியாவின் வட கோடியில் கேப் யார்க் காடுகளில் வாழும் கரிய பனைக் காக்கட்டூவின் ஆண், கிளையை ஒடித்துக் கழியாக்கி, உள்ளீடற்ற அடிமரத்தில் தாளம் தவறாமல் கொட்டுகிறது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியோ, 2007-ல் இறப்பதற்குள், நிறமும் வடிவமும் மட்டுமல்லாமல், கையில் கொடுத்த பொருள் மரமா கம்பளியா என்பதையும் வாய்விட்டுச் சொல்லக் கற்றிருந்தது. மரத்தை உடைப்பது இந்த ஜாதியின் குலத்தொழில். பொந்தை அகலப்படுத்துவதும், பட்டையை உரித்துப் புழு தேடுவதும், ஓட்டைப் பிளந்து பருப்பெடுப்பதுமாகக் காட்டில் பகற்பொழுதின் பெரும்பகுதியை உழைப்பில் கழிக்க வேண்டிய ஜீவனுக்கு, நாம் கிண்ணத்தில் தானியத்தைக் கொட்டி வைத்து அரை நாழிகையில் ஆகார வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

மிச்சமிருக்கிற பகலை அது தன் உடம்பின்மேலேயே செலவழிக்கிறது. மார்பிலும் தொடையிலும் சிறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டு, தலையில் மட்டும் முழு அலங்காரத்தோடு (தலைக்கு அலகு எட்டாதல்லவா) உட்கார்ந்திருக்கும் சாம்பல் கிளியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி சுலபத்தில் மறக்காது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் இளம் அமேஸான் கிளிகளை வைத்துச் சோதித்து 2003-ல் வெளியிட்ட முடிவு, இரை தேடும் வேலையும் ஏறவும் கடிக்கவும் பொருள்களும் கிடைத்த பறவைகளிடம் இந்தப் பழக்கம் குறைவாக இருந்ததென்றும், ஏற்கெனவே பிடுங்கத் தொடங்கியவையும் அவை கிடைத்தபின் தேறினவென்றும் சொல்கிறது. ஆகவே ஒரு கட்டைத் துண்டு விளையாட்டுச் சாமான் மட்டும் அல்ல. வேலையில்லாதவனுக்குக் கொடுத்த வேலை அது.

இனி, எந்த மரம்? வேம்பு, கொய்யா, முருங்கை, மூங்கில், மெருகேறாத பைன் ஆகியவற்றைக் கிளி வளர்ப்பவர்கள் பயமின்றிக் கொடுக்கிறார்கள். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் முருங்கைக் கிளையைப் போன்ற பொலபொலப்பு போதும்; மக்காவுக்கோ அது ஒரு வாய்க்குக் காணாது, நன்றாகக் காய்ந்த கொய்யாவின் கணு வேண்டும். அரளி அறவே ஆகாது. எருக்கும் கள்ளியும் அப்படியே. பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிற குன்றிமணியை, சிவப்பாகவும் உருண்டையாகவும் இருக்கிறதே என்று மணிபோல் கோத்துவிடுகிறவர்கள், அதன் தோல் அலகில் உடைந்த மாத்திரத்தில் உள்ளிருப்பது கொடிய விஷம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முழு விதை உடம்பில் கரையாமல் வெளியேறிவிடலாம் என்ற ஆறுதலுக்குக் கிளியின் வாயில் இடமே இல்லை. ஜாதி தெரிந்த மரமாயிருந்தாலும் அது நின்ற இடம் தெரிய வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோப்பின் கிளையும், நெடுஞ்சாலைத் துறையார் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய சாலையோரத்து மரமும் ஆகாதவை. மற்றவற்றைச் சுடுநீரில் தேய்த்துக் கழுவிப் பங்குனி வெயிலில் போட்டு எடுத்தால், பூச்சியும் பூஞ்சையும் போய் மரம் கலகலவென்று ஓசை கொடுக்கும்.

மரத்துக்கு அலைய வேண்டாம். தச்சுப் பட்டறையின் வாசலில் அது குவிந்து கிடக்கிறது. நான் அறிந்த பட்டறையில் வயசான ஆசாரி ஒருவர் இருக்கிறார். துண்டு பொறுக்க வந்தவனிடம், "எதுக்கு சார், அடுப்புக்கா?" என்று கேட்டார். கிளிக்கு என்று பதில் வந்ததும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்தப் பக்கம் இருக்கிறத எடுக்காதீங்க. அது கரையான் மருந்து குடிச்ச கட்டை. பிளைவுட்டும் வேணாம், எல்லாம் பசை. இந்தா, இது பச்சை மரம் சார், நேத்து அறுத்தது" என்று குவியலை அவரே காலால் பிரித்துக் காட்டினார். ஒரு சாஸ்திரப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்லக்கூடியதை அவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்றே சொல்வேன். பிளைவுட்டிலும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையிலும் மரத்தோடு ஃபார்மால்டிஹைட் கலந்த பிசினும் இருக்கிறது. இழுப்பறைக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும், அலகில் நொறுங்கினால் விழித்துக்கொள்ளும்.

துறைமுகத்திலிருந்து இயந்திரங்களைச் சுமந்து வருகிற பைன் பெட்டிகள் மலிவாகக் கிடைப்பவை. ஆனால் அவற்றின் பக்கப்பலகையில் சூடுபோட்ட முத்திரையை வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அவை லாபம். கோதுமைக் கதிர் சின்னத்துக்குப் பக்கத்தில் தேச எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே எச்.டி. அல்லது எம்.பி. என்ற இரண்டெழுத்தும் இருக்கும். மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாதிருக்க 2002-ல் ஏற்பட்ட சர்வதேச விதி அது. எச்.டி. என்றால், மரத்தின் நடுப்பாகம் வரை 56 டிகிரி சூடு ஏறி அரைமணி நேரம் நிற்கும்படி வாட்டியது, எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு என்ற விஷப்புகை காட்டியது. முன்னதை எடுக்கலாம், எண்ணெய்க் கறை இல்லாதிருந்தால். பின்னதைத் தொடவே வேண்டாம்.

மரத்தைக்கூட ஒருவாறு நம்பிவிடலாம். அதைக் கோக்கிற பொருளில்தான் துரோகம் ஒளிந்திருக்கிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கடைத்தெருவில் முதலில் கையில் கிடைப்பது ஜி.ஐ. கம்பி. அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம். மரம் போன பின்பும் கம்பி நிற்கும். வேலை தீர்ந்த கிளி கம்பியை நக்கத் தொடங்கும். பூச்சு துகள் துகளாக உள்ளே போய், பறவை சோர்ந்து, எச்சம் பச்சையாகி, சில நாளில் கால் நடுங்கித் தட்டிலிருந்து விழும். ஈயம் இதைவிடக் கொடியது. பற்றவைத்த இடத்திலும் பழைய வர்ணத்திலும் அது இருக்கும். சலங்கை மணி கட்டினால் கிளி மகிழும் என்பது வாஸ்தவம், ஆனால் பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, போதாக்குறைக்கு அந்த மணியின் கீற்று கிளியின் விரல்நுனி நுழைவதற்கும் நுழைந்தது வெளிவராமல் இருப்பதற்கும் அளவெடுத்து வெட்டினது போல் இருக்கிறது. எவர்சில்வர் போல்ட்டும் வாஷரும் நட்டும் வாங்குவதில் சிக்கனம் பார்க்கலாகாது. பொம்மை எத்தனை முறை அழிந்தாலும் அந்தத் தண்டு மட்டும் மறுபடி மறுபடி உபயோகப்படும்; நம்முடைய மரப்பாச்சிப் பாசத்தைக் காட்ட அதுவே தகுந்த இடம்.

கயிற்றின் அபாயம் இன்னும் மெதுவானது. பருத்திக் கயிறு மிருதுவாயிருக்கிறதென்று கட்டுவோம். அலகு அதைப் பஞ்சாகப் பிரிக்கும். ஒரே ஒரு இழை விரலைச் சுற்றி, பறவை இழுக்க இழுக்க இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துவிடும். விழுங்கிய நூலோ இரைப்பையில் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சணலை ஆலையில் நூற்பதற்குக் கனிம எண்ணெய் தெளித்து இளக்குகிறார்கள் என்பதை அதன் வாடையே சொல்லும். கட்டத்தான் வேண்டுமானால், கழுத்தைச் சுற்றி வளையம் விழாத அளவுக்குக் குட்டையாக, தினம் பார்க்கக்கூடிய இடத்தில் கட்டி, பிசிறு கண்டவுடன் வெட்டிவிடுவது ஒன்றே வழி. தோல்வார் வேண்டுமென்றால், குரோமியம் ஏற்றிய செருப்புத் தோல் அல்ல, நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடும் பழைய முறைத் தோலாக, சாயமில்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. மைதாக் கஞ்சியில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்றுதான் தோன்றும். ஆனால் புத்தகம் கட்டுகிறவர்களும் சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் பூச்சி அண்டாதிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது தாமிரத்தின் உப்பு, கிளிக்கு விஷம். துத்தமில்லாமல் வீட்டிலேயே காய்ச்சிய கஞ்சி போதும். உண்மையில் துளையும் ஆணிக்கட்டையும் இருந்தால் பசையே வேண்டியதில்லை. வர்ணமும் இப்படித்தான். கர்நாடகத்துச் சன்னபட்டணத்துத் தச்சர்கள் கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே அதை இளகவைத்து, தாழை ஓலையால் தேய்த்து மினுக்கும் வித்தையை நான் எத்தனையோ தரம் வியந்திருக்கிறேன். குழந்தை சப்புவதற்கு அது ஏற்றதாயிருக்கலாம், ஆனால் சில்லுச் சில்லாகப் பெயர்த்துத் தின்னக்கூடிய பறவைக்கு வெறும் மரமே உத்தமம். நிறம் இருந்தால்தான் உண்டு என்றால் மஞ்சளும் பீட்ரூட் சாறும் இருக்கின்றன.

பனையோலையை நான் தனியாகப் புகழ விரும்புகிறேன். நம் திருவிழாக் கடைகளில் விற்கும் கிலுகிலுப்பை, சாயம் தோய்க்காததாகக் கிடைத்து, உள்ளே போட்ட பரலையும் எடுத்துவிட்டால், கிளிக்கு அதைவிடச் சிறந்த பரிசு வேறில்லை. லவ் பேர்ட் ஜாதியில் செம்முகப் பெண்பறவை அந்த ஓலையின் ஓரத்தைத் தையல் இயந்திரம்போல் வரிசையாகக் கொத்தி ஒரே அகலத்தில் கீற்றாக்கி, ஒவ்வொரு கீற்றையும் தன் பிட்டத்துச் சிறகுகளுக்குள் செருகிக்கொண்டு, விசிறி கட்டிய கரகாட்டக்காரி தோற்றுப்போகும்படி தட்டில் இங்குமங்கும் நடக்கும். கூடு கட்டுவதற்குத் தழை சுமக்கும் முறை அது. ஆனால் ஓலை மிதமிஞ்சினால் முட்டையிடும் எண்ணம் வந்துவிடும் என்பதால், சில நாளைக்கு ஒன்றாகக் கொடுப்பதே நல்லது.

இத்தனை பிரயாசையும் ஒரு பிற்பகலுக்கா என்று அலுத்துக்கொள்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி கல்லோ பொன்னோ அல்ல. மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடல் என்று தினந்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. சாயங்காலம் சாத்தியது மறுநாள் இருப்பதில்லை. மறுபடி இலை பறித்து, மறுபடி கட்டுகிறார்கள். செய்கிறவர்கள் யாரும் அலுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

செய்து முடித்தபின் இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. சாம்பல் கிளி புது வஸ்துவைக் கண்டு அஞ்சும் சுபாவமுள்ளது. ஆசையோடு கொண்டுபோய்க் கூண்டுக்குள் மாட்டினால் எதிர்மூலையில் ஒண்டிக்கொண்டு இறகைச் சிலிர்க்கும், இரவெல்லாம் உறங்காது. ஆகவே பொம்மையை முதலில் அறையின் மறுகோடியில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வர வேண்டும். அதைவிட விரைவாகப் பலிக்கும் உபாயம், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூண்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சாமானைத் தாமே உருட்டித் தட்டி, சிராயைப் பிய்த்து, பறவை கேட்க வந்தாலும் கொடுக்காமல், வெகு சுவாரஸ்யமாக விளையாடுவது. தபால்காரர் வந்து நின்றாலும் இடையில் நிறுத்திவிடக் கூடாது. கிளி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும்.